துப்பட்டிக்கு இந்தப் பக்கம் விழுந்த பந்து

எங்கள் வீட்டு பாட்மின்டன் வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் முகம் தெரியாது. ஏனென்றால் அது வலையே இல்லை. அம்மாவின் துப்பட்டி. எங்கள் பெண்கள் வெளியே கிளம்பும்போது தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துணி அது. அம்மா வெளியே கிளம்புவதே அபூர்வம் என்பதால் அது பெரும்பாலும் முற்றத்துக் கொடியில் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா தொங்குகிற துணிக்கு ஒரு வேலை கொடுத்தோம், அவ்வளவுதான்.

பந்து, மஞ்சள் கம்பளிப் பந்து. மதுரையில் அப்போது ஆண்கள் மைதானங்களில் ஐந்து ஐந்து பேராக நின்று ஆடியதும் அதே பந்துதான். இறகுப் பந்து எங்கள் ஊர்க் காற்றுக்கு லாயக்கில்லை என்பார்கள். நான் அந்த மைதானங்களைப் பார்த்ததில்லை. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுப்பிய வீட்டுக்குள் வளர்ந்தவள் நான். எனக்குத் தெரிந்த மைதானம் கிணற்றடிக்கும் நடைக்கும் இடையில் இருந்த முற்றம்தான். நடை என்றால் தெருக் கதவிலிருந்து முற்றத்துக்கு வரும் இருட்டு வழி. வருகிற ஆண் எவராக இருந்தாலும் அந்த நடை வழியாகத்தான் வரவேண்டும்.

மட்டைகளைக் கொண்டுவந்தவர் அண்ணன். அவர் ரங்கூனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். வருஷக்கணக்கில் அங்கே இருந்துவிட்டு, சில மாதங்கள் ஊரில் வந்து இருப்பார். அப்படி ஒரு முறை வந்தபோதுதான் கல்யாணம் முடித்து வைத்தார்கள். மதினி திருமங்கலம் பக்கத்துப் பெண். கிணற்றில் இறைத்து, உரலில் இடித்து, கைகள் இரண்டும் உரமேறியிருந்தன. அண்ணன் மட்டையை அவள் கையில் கொடுத்த முதல் நாள், வந்த பந்தை அவள் ஒரு சாத்துச் சாத்தினாள். பந்து மதிலைத் தாண்டி, சந்தைத் தாண்டி, எங்கேயோ போய்விட்டது.

"போச்சு. வில்லாபுரத்துக் கம்மாயில போயி விழுந்துருக்கும்" என்றார் அண்ணன்.

"அப்ப நீங்களே போயி எடுத்துட்டு வாங்க மச்சான்" என்றாள் மதினி. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

மதிலைத் தாண்டிய பந்து எங்களுக்கு இல்லாத பந்து. நாங்கள் தெருவில் இறங்கி அதைத் தேட முடியாது. சந்தில் யாராவது எடுத்து, அத்தாவின், அதாவது எங்கள் அப்பாவின், குடைக்கடையில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அத்தா சாயங்காலம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் மாடத்தில் வைப்பார். திட்ட மாட்டார். ஆனால் அன்றைக்கெல்லாம் அவருக்குக் குழம்பில் உப்பு தூக்கலாகவே இருக்கும்.

ஆகையால் ஓங்கி அடிப்பது எங்கள் முற்றத்தில் ஆகாத காரியம். அண்ணன் ஆடியதோ வேறு விதம். கையை ஓங்குவார். இதோ விழப்போகிறது அடி என்று மதினி பின்னால் ஓடுவாள். கடைசி நொடியில் மணிக்கட்டைத் தளர்த்திவிடுவார். பந்து துப்பட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, அப்படியே காலடியில் விழும். வலையாக இருந்தாலாவது வருவது தெரியும். துணி மறைக்கிறதே. தெரியும்போது பந்து தரையில் கிடக்கும். அதற்கு 'டிராப்' என்று பேர் சொன்னார் அண்ணன். மதினி அதை 'ஏமாத்துப் பந்து' என்றாள். எங்கள் வீட்டில் அந்தப் பேர்தான் நிலைத்தது.

அவளுக்கும் அது வேண்டும் என்று ஆசை. ஆனால் வரவில்லை. அவள் எத்தனை சாமர்த்தியமாக மட்டையை ஓங்கிக் கையைத் தளர்த்தினாலும், அண்ணன் நிதானமாக இரண்டு எட்டு முன்னால் வந்து பந்தை எடுத்துவிடுவார். துணிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு இவள் முகமும் தெரியாது, தோளும் தெரியாது. பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று எங்களுக்குப் புரியவேயில்லை. மதினி மூக்கு சிவக்கக் கோபித்துக்கொண்ட பிறகுதான் சொன்னார்.

"நீ அடிக்கிறதுக்கு முந்தியே ஒன் வளையல் எனக்குச் சொல்லிருதே."

உண்மைதான். அவள் முழு வேகத்தில் வீசும்போது கண்ணாடி வளையல்கள் முழங்கைப் பக்கமிருந்து மணிக்கட்டுக்குச் சரிந்து கலகலவென்று ஓடும். கையைத் தளர்த்தினால் பாதியில் நின்றுபோகும். அண்ணன் பந்தைப் பார்த்து ஆடவில்லை, காதால் ஆடினார். "அப்ப வளையலக் கழட்டி வச்சுட்டு ஆடு மதினி" என்று நான் யோசனை சொன்னேன். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"என்னடி பேச்சு இது? புருஷன் உசுரோட கண்ணு முன்னால நிக்கையில வெறுங்கையா நிக்கச் சொல்றியா? வாயக் கழுவு!"

கழுவிக்கொண்டேன். நிஜமாகவே கிணற்றடிக்குப் போய்க் கொப்பளித்துவிட்டு வந்தேன். ஆக, வளையல் கையில் இருக்கும், அதோடுதான் ஏமாற்றவும் வேண்டும் என்றாகிவிட்டது.

அண்ணன் கடைசியாகக் கப்பலேறக் கிளம்பிய வாரம் மதினி அவரோடு சரியாகப் பேசவில்லை. போகாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் நீளம் போதவில்லை. அத்தாவுக்கு முன்னால், அம்மாவுக்கு முன்னால் எப்படிச் சொல்வாள்? மட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். ஆடினார்கள். அன்றைக்கும் அவளுடைய ஏமாற்றுப் பந்துகள் எல்லாவற்றையும் அவர் எடுத்தார். ஆட்டம் முடிந்ததும் துப்பட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"இந்தா பாரு. அடுத்த தடவ நான் வாரப்ப ஒரே ஒரு பந்து. நான் பின்னால ஓடணும், பந்து முன்னால விழுகணும். விழுந்துருச்சுன்னு வையி, ரங்கூன் கடைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு அத்தாவோட குடைக்கடையில உக்காந்துக்கிறேன். பெறகு ஒன்னய விட்டு எங்கிட்டும் போக மாட்டேன்."

"நெசமாவா?"

"நெசமா."

"நீ கேட்டுக்க புள்ள, நீதான் சாட்சி" என்றாள் மதினி என்னிடம். சாட்சி என்றால் லேசான வேலையா? நான் அதைத் தலையில் சுமந்துகொண்டேன்.

அவர் போன மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். மத்தியானத் தொழுகை முடிந்து, சாப்பிட்டு, அத்தா கடைக்குத் திரும்பிய பிறகு, சாயங்காலத் தொழுகைக்கான அசர் பாங்கு சொல்லும்வரை முற்றம் எங்களுடையது. அவள் கிணற்றுப் பக்கம், நான் நடைப் பக்கம். எப்போதும் அப்படித்தான், ஏனென்றால் அண்ணன் நின்ற இடம் நடைப் பக்கம். நான் அண்ணனுக்குப் பதில். துணிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு வளையல் சத்தத்தைக் கேட்டு, பெரிய அடியா, ஏமாற்றுப் பந்தா என்று கத்த வேண்டும். முதலில் எல்லாம் சரியாகவே கத்தினேன். அவளுக்கு எரிச்சல் வரும். எனக்குக் கண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு வரும்.

மெதுவாக அடித்தால் பந்து துணி மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் கூடினால் என் கைக்கு வாகாக வந்து சேரும். அந்த அளவு பிடிபடவே அவளுக்கு ஒரு மழைக்காலம் ஆனது. பிறகுதான் வளையல். ஓங்கும்போதே முன்கையைச் சுண்டி வளையல்களை முழு ஓட்டம் ஓடவிட்டு, அவை மணிக்கட்டில் வந்து மோதுகிற அதே வேளையில் விரல்களைத் தளர்த்த வேண்டும். சத்தம் பெரிய அடியின் சத்தம். பந்து மட்டும் சோர்ந்து விழுகிற பந்து. எழுதிவிட்டேன், செய்து பாருங்கள். எத்தனை வளையல் உடைந்தது என்று வளையல்காரச் செட்டியாருக்குத்தான் தெரியும். "இந்த வீட்டுல மட்டும் வளையலத் திங்கிறீங்களா தாயி?" என்று கதவுக்கு வெளியே இருந்தபடியே கேட்டார்.

ஒரு நாள் நான் 'பெரிய அடி' என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி, மருதாணிச்செடித் தொட்டியில் இடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், பந்து துப்பட்டியை ஒட்டித் தரையில் கிடந்தது. மதினி துணியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறவர்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் பங்கு வேண்டும் என்று நானும் அழுதேன். அம்மா எங்கள் இருவருக்கும் பைத்தியம் என்றாள்.

இந்த இடத்தில் இருமலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீடுகளில் ஆண்கள் நடையில் நுழையும்போதே இருமிவிட்டுத்தான் வருவார்கள். உள்ளே பெண்கள் இருந்தால் தலையை மூடிக்கொள்ளவும் விலகிக்கொள்ளவும் நேரம் வேண்டுமே. அத்தா தொண்டையை நீளமாகச் செருமுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு மாதிரி. வேற்று ஆள் இருமல் கேட்டால் மதினி ஒரு கையில் மட்டையோடு மறு கையால் துப்பட்டியைக் கொடியிலிருந்து உருவி, தன்னையும் என்னையும் சேர்த்துப் போர்த்திக்கொள்வாள். வலை போய்விடும். ஒரே துணிக்குள் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்போம். வந்தவர் தலையைக் குனிந்தபடி கூடத்துக்குப் போனதும் வலையை மறுபடி கட்டுவோம்.

அண்ணன் இரண்டு தரம் இருமுவார். ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அந்த இருமலுக்கு மட்டும் நாங்கள் வலையைத் தொட மாட்டோம்.

பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. கடிதாசி நின்றது. பணக்காரர்களுக்குக் கப்பல் கிடைத்தது, மற்றவர்கள் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். காலில் கந்தல் சுற்றிக்கொண்டு, கண்கள் உள்ளே போய், பர்மாவிலிருந்து வந்தவர்கள் மதுரை ஸ்டேஷனில் இறங்க ஆரம்பித்தார்கள். அத்தா கடையை அடைத்துவிட்டு ரயில் ரயிலாகப் போய்ப் பார்த்தார். திரும்பிவரும்போது நடையில் அவர் செருமல் கேட்கும். அது ஒரு செருமலா, கூடவே இரண்டு இருமலும் உண்டா என்று நாங்கள் மூன்று பெண்களும் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். செருமல் மட்டும்தான் கேட்கும்.

மதினி ஆட்டத்தை நிறுத்தவில்லை. முன்னைவிட அதிகமாக ஆடினாள். அக்கம்பக்கத்தில் பேச ஆரம்பித்தார்கள். அம்மாவும் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள், "இப்ப இது ஆடுற நேரமாம்மா?"

"வேற என்னத்தச் செய்யச் சொல்றீங்க மாமி?" என்றாள் மதினி. "அவுக வந்து நிக்கையில பந்து வரலைன்னா? திரும்பப் போயிருவாகளே."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு துப்பட்டியைத் துவைத்துத் தானே கொடியில் போட்டு, விளிம்பை நேராக இழுத்துவிட்டுப் போவாள்.

அன்றைக்குச் சித்திரை வெயில். அத்தா கடைக்குப் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் மதினி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "தயாரா புள்ள?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நடைக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

அல்லாவே என்று திரும்பினேன். நடை வாசலில் ஒரு ஆள் நின்றிருந்தார். தலையைத் தரைக்குத் தாழ்த்தியிருந்தார். காலில் துணிக்கட்டு. அண்ணன் இல்லை. என் வாழ்நாளில் பார்த்திராத ஒரு ஆள்.

துணிக்கு அந்தப் பக்கம் நின்றவள் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. அவளுக்கு இரண்டு இருமல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. நான் அவள் பக்கம் திரும்புவதற்குள் வளையல்கள் கலகலவென்று முழு ஓட்டம் ஓடின, இதுவரை நான் கேட்டதிலேயே பெரிய அடியின் சத்தம். பந்து துப்பட்டியின் விளிம்பில் ஏறி, இந்தப் பக்கம் தலையை நீட்டி, துணியை ஒட்டியே தரையில் விழுந்தது. உருளக்கூட இல்லை.

"எடுங்க மச்சான் பாப்போம்!" என்றாள் மதினி. சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. "எங்க, இப்ப எடுங்க!"

அந்த ஆள் அசையவில்லை. அவர் தோள்கள் குலுங்கின. மதினி சிரித்துக்கொண்டே துப்பட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை நான் மறக்க மாட்டேன். கத்தவில்லை. கொடியிலிருந்து துப்பட்டியை உருவினாள், வழக்கம்போலத் தன்னையும் என்னையும் சேர்த்துப் போர்த்தினாள். உள்ளே அவள் வளையல்கள் தாமாகவே கிணுகிணுத்துக்கொண்டிருந்தன.

கடைக்கு ஆள் போய் அத்தா ஓடிவந்தார். கூடத்தில் அந்த ஆள் பேசியதை நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டோம். அண்ணனோடு ஒரே கடையில் வேலை பார்த்தவர். சேர்ந்தே நடந்து வந்திருக்கிறார்கள். மலை வழியில் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு ஆற்றங்கரையில் அடக்கம் செய்துவிட்டு வந்தேன் என்றார்.

"அண்ணேதான் சொல்லி அனுப்புனாரு அத்தா. வீட்டுல பொம்பளைக மட்டுந்தான் இருப்பாக, திடீர்னு வேத்து ஆளு போயி நின்னா பதறிருவாக, ரெண்டு தடவ இருமிட்டுப் போ, நம்ம ஆளுன்னு பயப்பட மாட்டாகன்னாரு. அதான் இருமுனேன். தப்பாப் போச்சு. மன்னிச்சுருங்க."

பிறகு, ஏதோ நினைவு வந்தவராக, "கடைசியில ஒண்ணு சொன்னாரு. எனக்கு அர்த்தம் வெளங்கல. 'பந்து விழுந்தாலும் சரி, விழாட்டியும் சரி, இனிமே ரங்கூன் கெடையாதுன்னு சொல்லிரு'ன்னாரு."

அத்தாவுக்கும் அர்த்தம் விளங்கவில்லை. விளங்கிய இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் இருந்தோம்.

செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இத்தனை வயதான பிறகும். சாகக் கிடக்கும்போதும் வீட்டுப் பெண்கள் பதறக் கூடாது என்று நினைத்த மனுஷன், அந்த இரண்டு இருமலை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா? அண்ணன் போனது ஒரு துக்கம். ஆனால் என் நெஞ்சை அறுப்பது மதினியின் அந்தச் சிரிப்புதான். அது வேற்று ஆள் ஒருவருக்கு முன்னால் வீணாகிப் போனதே என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மதினி இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. வளையல்களைப் பெரிய பெண்கள் கழற்றினார்கள். கிணற்றுப் பக்கத்து உள்ளறையில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். அழுது தீர்த்துவிட்டுப் பேச்சையும் நிறுத்திவிட்டாள். அந்த நீள வாயிலிருந்து ஒரு சொல்லும் வராதது எனக்குத்தான் தாங்கவில்லை. மத்தியானம் நானும் போய் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். மட்டைகளை அம்மா எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். முற்றத்தில் கொடி மட்டும் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு மத்தியானம் மதினி தானாகவே கேட்டாள்.

"புள்ள, அன்னைக்கு அந்தப் பந்து எங்கன விழுந்துச்சு? நான் பாக்கல."

"துப்பட்டிய ஒட்டி, மதினி. உருளக்கூட இல்ல."

"வளையல் சத்தம்?"

"பெரிய அடி மாதிரியே இருந்துச்சு."

அவள் முன்கையை ஒரு தரம் சுண்டிப் பார்த்தாள்.

"அப்ப அவுக பின்னாலதான் ஓடியிருப்பாக" என்றாள்.

"ஆமா மதினி. பின்னாலதான் ஓடியிருப்பாரு அண்ணன்" என்றேன்.

நான் சாட்சி அல்லவா, சொல்லித்தானே ஆகவேண்டும். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு இரண்டு வெறுங்கைகளையும் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.